தஸ்காவா, பாட்டி வீடா? குழந்தை வளர்ச்சியை ஆராயத் தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

ஆய்வேடு எழுதும் பருவம் வந்தால், குழந்தைக் கல்வி படிக்கும் நம் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராவது என் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நான் பினாங்கின் பிறையில் இருக்கிறேன். சுற்றுவட்டாரத் தஸ்காக்கள், அதாவது சிறு பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகங்கள், பலவற்றில் என் கால் பட்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். கொண்டுவரும் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். தஸ்காவுக்குப் போகும் குழந்தைகள் முப்பது பேர், வீட்டில் வளரும் குழந்தைகள் முப்பது பேர், ஒரு கேள்வித்தாள், கடைசியில் யார் முன்னே, யார் பின்னே என்று ஓர் அட்டவணை.

அந்த அட்டவணை தவறாக வந்தால் வெறும் மதிப்பெண் மட்டும் போகாது. "தஸ்காவில் விட்டால் பிள்ளை கெட்டுப்போகும்" என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு வரி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு தாயின் தூக்கத்தைக் கெடுக்கும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். பட்டப்படிப்பு மாணவர்களுக்காக எழுதினாலும், தஸ்கா நடத்துபவர்களுக்கும் பெற்றோருக்கும் இது உதவும்.

படி 1: "எதற்குப் பதிலாக?" என்று கேளுங்கள்

தஸ்கா நல்லதா கெட்டதா என்ற கேள்வியை முதலில் ஓரமாக வையுங்கள். தஸ்காவுக்குப் போகாவிட்டால் அந்தக் குழந்தை அந்த நேரத்தில் எங்கே இருந்திருக்கும்? ஆய்வின் முடிவை மற்ற எதையும்விட அதிகமாகத் தீர்மானிப்பது இந்த ஒரு கேள்விதான்.

இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1972-இல் தொடங்கிய அபிசிடேரியன் ஆய்வில், ஏழைக் குடும்பங்களின் 111 கைக்குழந்தைகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முழுநாள், உயர்தரப் பராமரிப்பு ஐந்து வயதுவரை கிடைத்தது. அதன் பலன் அவர்கள் பெரியவர்களான பிறகும் தெரிந்தது. இத்தாலியின் பொலோஞா நகரில் நடந்த ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது. அங்கே ஓரளவு வசதியான குடும்பங்களின் குழந்தைகள் இரண்டு வயதுக்குள் நகராட்சிக் காப்பகத்தில் கூடுதலாக இருந்த ஒவ்வொரு மாதத்துக்கும், 8 முதல் 14 வயதில் அளந்த ஐ.கியூ சராசரியாக 0.5 சதவீதம் குறைந்திருந்தது.

இரண்டும் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகள்தான். ஆனால் வட கரோலினாக் குழந்தைக்கு மாற்றாக இருந்தது வறுமையில் திணறிய வீடு. பொலோஞாக் குழந்தைக்கு மாற்றாக இருந்தது, ஒரே குழந்தையிடம் நாள் முழுவதும் பேசிக்கொண்டிருக்கும் படித்த அம்மாவோ பாட்டியோ. குழந்தை இழந்தது என்ன, பெற்றது என்ன என்பது அங்கிருந்தே பிரிந்துவிடுகிறது.

நம் ஊரில் இந்த மாற்றுகள் பல வகை. ஓய்வுபெற்ற ஆசிரியையான பாட்டி ஒரு வகை. முட்டிவலியோடு மூன்று பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, தொலைக்காட்சியை நம்பியிருக்கும் பாட்டி இன்னொரு வகை. பக்கத்து வீட்டு ஆண்ட்டி, வேலையை விட்டுவிட்டு வருமானம் குறைந்த வீட்டில் இருக்கும் அம்மா, இரவு வேலை முடித்து வந்து பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே தூங்க முயலும் அப்பா. இத்தனையையும் "வீட்டில் வளர்பவர்" என்று ஒரே கட்டத்தில் டிக் போட்டால் உங்கள் ஒப்பீட்டுக் குழு வெறும் கூட்டமாகிவிடும். யார் பார்த்துக்கொள்கிறார், எத்தனை பிள்ளைகளை, எந்த நேரத்தில் என்று கேட்டு எழுதுங்கள்.

படி 2: எந்த மாதிரி இடம் என்று பிரியுங்கள்

மலேசியாவில் தஸ்காவை ஆள்வது 1984-ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம், அதாவது சட்டம் 308. நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகள் நான்கு பேர் அல்லது அதற்கு மேல், ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தால் அது தஸ்கா. சமூக நல இலாகாவில் பதிய வேண்டும். பத்துக்குக் குறைவாக இருந்தால் வீட்டுத் தஸ்கா. அதற்கு மேல் போனால் நிறுவனத் தஸ்கா. வேலையிடத் தஸ்காவும் சமூகத் தஸ்காவும் தனித்தனி வகைகள். நான்கு வயதுக்கு மேல் பாலர் பள்ளி. அது கல்விச் சட்டத்தின்கீழ் வரும் வேறு உலகம். மூன்று வயதுக் குழந்தையையும் ஐந்து வயதுக் குழந்தையையும் ஒரே ஆய்வில் கலக்காதீர்கள்.

சட்டத்தின் வரையறையை இன்னொரு முறை படியுங்கள். நான்கு பேர். மூன்று குழந்தைகளை மட்டும் பார்த்துக்கொள்ளும் ஆண்ட்டி அந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நம் குடும்பங்கள் பல நம்பியிருப்பது அவரைத்தான். சமூக நல இலாகாவின் பட்டியலை மட்டும் வைத்து மாதிரி எடுத்தால் அவர் உங்கள் ஆய்வில் இருக்கவே மாட்டார். செந்தூலிலோ பட்டர்வொர்த்திலோ உள்ள ஒரு குடியிருப்பில் நாலு மாடி ஏறி இறங்கித்தான் அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த உழைப்புக்குப் பலன் உண்டு.

படி 3: எந்த வயதில், எத்தனை மணி நேரம்

"தஸ்காவுக்குப் போகிறாரா, ஆம் அல்லது இல்லை" என்ற கேள்வியால் பயனில்லை. எந்த மாதத்தில் தொடங்கினார், வாரத்துக்கு எத்தனை மணி, இதுவரை எத்தனை இடம் மாறினார், அவரைப் பார்த்துக்கொள்பவர் எத்தனை முறை மாறினார் என்று நான்கையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே தஸ்காவில் இரண்டு ஆண்டு இருந்த குழந்தைக்கு ஐந்து ஆண்ட்டிகள் வந்துபோயிருக்கலாம். இதைப் பலர் கேட்பதே இல்லை. என் அனுபவத்தில் குழந்தையின் அழுகைக்கும் ஒட்டுதலுக்கும் மற்ற எதையும்விட நெருக்கமாக இருப்பது இதுதான்.

தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 2023 ஜனவரி 1 முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. அதற்கு முன் பிறந்த குழந்தையையும் பின் பிறந்த குழந்தையையும் ஒப்பிட்டால், தஸ்காவுக்குள் நுழைந்த வயதே வேறுபட்டிருக்கலாம். அதேபோல 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பிறந்தவர்களை மற்ற ஆண்டுக் குழந்தைகளோடு சேர்த்தால், தஸ்காவின் தாக்கம் எது, அந்தக் காலத்தின் தாக்கம் எது என்று பிரிக்க முடியாது.

மணிக் கணக்குக்கு அம்மாவின் நினைவை நம்பாதீர்கள். ஒரு வாரத்துக்கு நேரக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். காலையில் தஸ்கா, மதியத்துக்கு மேல் பாட்டி, சனிக்கிழமை சித்தி வீடு என்று நம் குழந்தைகளின் வாரம் துண்டுதுண்டாக இருக்கும்.

படி 4: தரத்தைக் கண்ணால் பாருங்கள்

தரம் இரண்டு வகை. எண்ணிவிடக்கூடியது ஒன்று. ஒரு வயதுக்குக் கீழ் மூன்று குழந்தைக்கு ஒருவர், ஒன்று முதல் மூன்று வயதுவரை ஐந்து பேருக்கு ஒருவர், மூன்று முதல் நான்குவரை பத்துப் பேருக்கு ஒருவர் என்று இங்கே விதி இருக்கிறது. பயிற்சிச் சான்றிதழ், அறையின் பரப்பு, தீயணைப்பு அனுமதி எல்லாம் இதில் சேரும். இவற்றை ஒரு காலைப் பொழுதில் குறித்துவிடலாம்.

மற்றது ஆளுக்கும் குழந்தைக்கும் நடுவில் நடப்பது. ஒரு மாடி வீட்டில் நடந்த தஸ்காவில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். மணி பதினொன்றே முக்கால், கோழிக்கஞ்சி நேரம். கீழ் அறையில் ஐந்து குழந்தைகள், ஓர் ஆண்ட்டி. ஒரு பையன் கிண்ணத்தைத் தள்ளினான். "சூடா இருக்கா? ஊதலாமா?" என்று அவர் கேட்டு ஊதினார். அவனும் எச்சில் தெறிக்க ஊதினான். அவர் மறுபடி ஊதினார், அவனும் ஊதினான். பக்கத்தில் இருந்த பெண் குழந்தையும் சேர்ந்துகொண்டாள். கஞ்சி ஆறுவதற்குள் ஏழெட்டு முறை பேச்சு கைமாறியது. மேல் அறையிலும் ஐந்து குழந்தைகள், ஓர் ஆண்ட்டி, அதே பயிற்சிச் சான்றிதழ். வாய் திறக்காமல் வரிசையாக ஊட்டி முடித்தார். குழந்தைகள் சுவரில் இருந்த தொலைக்காட்சியைப் பார்த்தபடி வாயை மட்டும் திறந்தார்கள். கடுமையும் இல்லை, அலட்சியமும் இல்லை. அவருக்கு அன்று தலைவலி என்று பிறகு சொன்னார்.

விதிமுறைப் பட்டியலில் இந்த இரண்டு அறைக்கும் ஒரே மதிப்பெண்தான். குழந்தைக்கு அவை இரண்டு வேறு உலகங்கள். அதனால் ஒரு தஸ்காவுக்கு ஒரே தர மதிப்பெண் போடாமல் அறைக்கு அறை போடுங்கள். கைக்குழந்தை அறைகளுக்கென்றே உருவான இட்டர்ஸ் போன்ற அளவுகோல்கள் 1 முதல் 7 வரை மதிப்பெண் தரும். அவற்றை முறையாகப் பயின்றபின் பயன்படுத்துங்கள். இரண்டு பேர் ஒரே அறையைத் தனித்தனியாக மதிப்பிட்டு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

எந்த நேரத்தில் போகிறீர்கள் என்பது முக்கியம். என் முதல் ஆய்வில் நான் காலை ஒன்பது முதல் பதினொன்றுவரை மட்டும் உட்கார்ந்திருந்தேன். பாட்டு, விளையாட்டு, சிரிப்பு. எல்லா இடமும் அருமை என்று எழுதினேன். பின்னொரு நாள் மறந்துவிட்ட கோப்பை எடுக்க மாலை ஐந்தரைக்குப் போனேன். ஆட்கள் பாதி வீட்டுக்குப் போய்விட்டார்கள், வயது வித்தியாசம் இல்லாமல் எல்லாக் குழந்தைகளும் முன் அறையில், மழையால் பெற்றோர் பினாங்குப் பாலத்தில் நெரிசலில் நிற்கிறார்கள். நான் எழுதியது பாதி நாளின் கதை என்று அப்போதுதான் புரிந்தது. காலை, உணவு நேரம், மாலைக் கடைசி ஒரு மணி நேரம் என்று மூன்றையும் பாருங்கள். முதல் இரண்டு நாள் குறிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். புதியவர் உட்கார்ந்திருக்கும்போது யாரும் இயல்பாக இருக்க மாட்டார்கள். நான்காவது நாளில் உங்களை மறந்துவிடுவார்கள்.

படி 5: வீட்டை அளக்காமல் தஸ்காவை அளக்காதீர்கள்

அமெரிக்காவில் 1991-இல் பிறந்த 1,364 குழந்தைகளைப் பத்து இடங்களில் பின்தொடர்ந்த தேசிய ஆய்வு ஒன்று உண்டு. இந்தத் துறையில் யாரும் தாண்டிப் போக முடியாத ஆய்வு அது. பராமரிப்பின் தரம் உயர்ந்தால் மொழியும் அறிவுத்திறனும் சற்று மேம்பட்டன. மணி நேரம் கூடினால் பராமரிப்பாளர்கள் சொல்லும் நடத்தைச் சிக்கல்கள் சற்றுக் கூடின. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இயல்பு எல்லைக்குள்தான் இருந்தன. இந்த இரண்டையும்விட வீட்டின் தாக்கமே பெரிதாக இருந்தது. இங்கிலாந்தில் 1997-இல் தொடங்கிய பெரிய பாலர் கல்வி ஆய்வும் வீட்டில் பெற்றோர் பிள்ளையோடு என்ன செய்கிறார்கள் என்பதன் வலுவைக் காட்டியது. கதை சொல்வது, பாட்டுப் பாடுவது, எண்ணச் சொல்வது போன்றவை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. குழந்தைகள் தஸ்காவுக்குச் சீட்டுக் குலுக்கிப் போவதில்லை, பெற்றோர் தேர்ந்தெடுத்துத்தான் போகிறார்கள். மாதக் கட்டணம் கட்ட முடிந்தவர் நல்ல தஸ்காவுக்குப் போகிறார். அந்தக் குழந்தை நன்றாகப் பேசினால் அது தஸ்காவின் பேச்சா, வீட்டின் பேச்சா? எதிர்ப் பக்கமும் உண்டு. பேச்சு தாமதமான குழந்தையை "நாலு பிள்ளைகளோடு இருந்தால் பேசிவிடுவான்" என்று நம் பெரியவர்கள் சொல்லித்தான் தஸ்காவில் சேர்க்கிறார்கள். பிறகு ஆய்வாளர் வந்து, தஸ்காக் குழந்தைகளுக்குப் பேச்சுத் தாமதம் அதிகம் என்று எழுதிவிடுகிறார்.

அதனால் குடும்ப வருமானம், அம்மா அப்பாவின் படிப்பு, வேலை நேரம், வீட்டில் எத்தனை பேர், குழந்தை எத்தனையாவது பிள்ளை, அம்மாவின் மனச்சோர்வு எல்லாவற்றையும் கேளுங்கள். பிறந்த எடையையும் குறைமாதமா என்பதையும் அரசாங்கக் கிளினிக்கில் தரும் குழந்தைப் புத்தகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். குறைமாதத்தில் பிறந்தவருக்கு இரண்டு வயதுவரை வயதைத் திருத்திக் கணக்கிட வேண்டும். முடிந்தால் தஸ்காவில் சேருமுன்பே ஒருமுறை அளந்துவிடுங்கள். காத்திருப்புப் பட்டியல் உள்ள இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. இடம் கிடைத்தவரும் காத்திருப்பவரும் ஒரே மாதிரி விருப்பம் கொண்ட குடும்பங்கள் என்பதால், அந்த ஒப்பீடு நேர்மையானது.

படி 6: மொழி

வெளிநாட்டு ஆய்வை இங்கே அப்படியே பிரதி எடுத்தால் உடைந்துபோகும் இடம் இதுதான்.

இருபது மாதப் பையன் ஒருவன். வீட்டில் தமிழ், தஸ்காவில் மலாய், அக்காவோடு ஆங்கிலம் கலந்த ஏதோ ஒன்று. ஆண்ட்டியிடம் "சூசு" என்றான். மாலையில் அம்மா வந்ததும் அவர் கைப்பையைத் தொட்டு "பாலு" என்றான். குளிக்கப் போகும்போது ஆண்ட்டியிடம் "மண்டி", பாட்டியிடம் "குளி". தமிழ்ப் பட்டியல் ஒன்றை மட்டும் வைத்து அம்மாவிடம் கேட்டேன். இருபத்தேழு சொற்கள். மலாய்ப் பட்டியலை ஆண்ட்டியிடம் கேட்டேன், இருபத்திரண்டு. ஒரு பட்டியலோடு நின்றிருந்தால் அவனைப் பின்தங்கியவன் என்று எழுதியிருப்பேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒன்றுக்கொன்று மேற்படிந்த சில சொற்கள் போக, நாற்பதுக்கு மேற்பட்ட பொருள்களுக்கு அவனிடம் சொல் இருந்தது.

ஆகவே எல்லா மொழியிலும் கேளுங்கள். எந்த மொழியிலாவது பெயர் தெரிந்த பொருள்கள் எத்தனை என்று எண்ணுங்கள். தமிழில் எத்தனை சொல் என்பதைத் தனியாகவும் எழுதிவையுங்கள், ஏனென்றால் அது வேறு கேள்விக்கான விடை. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே முதலாம் ஆண்டில் வந்து உட்காரும் குழந்தைக்குத் தமிழ் எவ்வளவு காதில் விழுந்திருக்கிறது என்பது நம் சமூகத்துக்கு உண்மையிலேயே தேவையான தகவல். இதை வளர்ச்சிக் குறைபாட்டோடு மட்டும் குழப்பிவிடாதீர்கள்.

அளவைத் தாள்களின் தமிழும் கவனிக்க வேண்டியது. 25 கேள்வி கொண்ட எஸ்.டி.கியூ நடத்தைத் தாளோ வேறெதுவோ, தமிழாக்கம் கையில் கிடைத்தாலும் அப்படியே நீட்டாதீர்கள். இங்குள்ள நாலைந்து அம்மாக்களிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டி, "இதை நீங்கள் எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள்?" என்று கேளுங்கள். வீட்டில் நாம் சொல்லும் சொல் ஒன்று, தாளில் அச்சானது இன்னொன்று.

படி 7: யார் சொல்கிறார்?

அம்மா ஒன்று சொல்வார், ஆண்ட்டி வேறு சொல்வார். இருவருமே உண்மைதான் சொல்கிறார்கள். பொம்மைக்குப் போட்டி போட வீட்டில் யாருமில்லை, தஸ்காவில் நாலு பேர் இருக்கிறார்கள். "பிடுங்குகிறான், தள்ளுகிறான்" என்பது தஸ்காவில் தெரியும், வீட்டில் தெரியாது. வேலைக்குப் போகும் குற்ற உணர்வில் சில அம்மாக்கள் குறையைப் பெரிதாகச் சொல்வார்கள். வேறு சிலர் மறைப்பார்கள். இரண்டு பேரிடமும் கேட்டு, மூன்றாவதாக நீங்களும் நேரில் பாருங்கள்.

உமிழ்நீரில் கார்ட்டிசோல் என்ற மன அழுத்தச் சுரப்பை அளக்க ஆசைப்படும் மாணவர்களும் வருகிறார்கள். வீட்டில் பகல் ஏறஏறக் குறையும் அந்தச் சுரப்பு, தஸ்காவில் சில குழந்தைகளுக்கு ஏறுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் அந்த ஏற்றம் பிற்காலத்தில் குழந்தையை என்ன செய்யும் என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. செலவும் அதிகம். பட்டப்படிப்பு ஆய்வுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

படி 8: எத்தனை குழந்தைகள் என்பதைவிட எத்தனை தஸ்காக்கள்

மூன்று தஸ்காவில் 20 பேர் வீதம் 60 பேர் என்றால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரே தஸ்காவின் குழந்தைகள் ஒரே உணவு, ஒரே ஆண்ட்டி, ஒரே பாட்டு என்று ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். அந்த ஒற்றுமையின் அளவு (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் எல்லாரும் ஒரே மாதிரி) 0.1 என்று வைத்துக்கொண்டால், எண்ணிக்கையை வகுக்க வேண்டிய எண் 1 + (20 − 1) × 0.1 = 2.9. 60-ஐ 2.9-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 21. கையில் இருக்கும் உண்மையான பலம் 21 தனிக் குழந்தைகளுடையது. பன்னிரண்டு தஸ்காவில் ஐந்து பேர் வீதம் எடுத்தால் அதே 60 குழந்தைகள் 43 பேருக்குச் சமம். பெட்ரோல் செலவு கூடும், ஆனால் ஆய்வு உறுதியாக நிற்கும்.

பாதியில் விடுபடுபவர்களையும் கணக்கில் எடுங்கள். வாடகை வீடு மாறுபவர்களும் தொலைபேசி எண் மாற்றுபவர்களும் பெரும்பாலும் சிரமத்தில் இருக்கும் குடும்பங்கள். அவர்கள் போய்விட்டால் மீதமிருப்பவர்களின் படம் தானாகவே அழகாகிவிடும். குடும்பத்துக்கு இரண்டு உறவினர் எண்ணாவது வாங்கிவையுங்கள்.

கை கால் வாய் நோய் பரவினால் தஸ்கா மூடப்படும். தீபாவளிக்கு முன்னும் பின்னும் வருகை குறையும். அந்த வாரங்களில் அளக்க வேண்டாம்.

படி 9: அனுமதியும் பொறுப்பும்

பல்கலைக்கழக நெறிமுறைக் குழு, சமூக நல இலாகா, தஸ்கா நடத்துபவர், பெற்றோர் என்ற வரிசையில் போங்கள். ஒப்புதல் தாள் அம்மா வசதியாகப் படிக்கும் மொழியில் இருக்கட்டும். படிக்கச் சிரமப்படுபவருக்கு வாசித்துச் சொல்லுங்கள். குழந்தையின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு சுற்றாதீர்கள். அம்மா ஒப்புக்கொண்டும் குழந்தை உங்களைக் கண்டு அழுதால், அன்று அளவீடு கிடையாது.

களத்தில் இறங்குமுன் தீர்மானிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு குழந்தையின் உடம்பில் காயத்தையோ, யாரோ கை ஓங்குவதையோ பார்த்துவிட்டால் என்ன செய்வீர்கள்? 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டப்படி, கொடுமை நடந்ததாக நம்பக் காரணம் இருந்தால் பராமரிப்பாளருக்கே அதைத் தெரிவிக்கும் கடமை உண்டு. புகார் தெரிவிக்க அரசாங்கத்தின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே எண் 15999. ஆய்வு கெட்டுவிடுமே என்று ஒரு நொடியும் தயங்கக் கூடாது. இதை ஒப்புதல் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

படி 10: முடிவை எழுதும் விதம்

"தஸ்காக் குழந்தைகள் மொழியில் முன்னிலை" என்று எழுதாதீர்கள். "பிறை, பட்டர்வொர்த் வட்டாரத்தில் பன்னிரண்டு பதிவுபெற்ற தஸ்காக்களில், ஒரு வயதுக்குப்பின் சேர்ந்து, வாரம் நாற்பது மணிக்கு மேல் இருந்த குழந்தைகள், பாட்டியிடம் தனியாக வளர்ந்தவர்களைவிட இத்தனை சொல் கூடுதலாக அறிந்திருந்தார்கள். குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுத்தபின் அந்த வேறுபாடு இவ்வளவாகக் குறைந்தது" என்று எழுதுங்கள். நீளமாகத்தான் இருக்கும். யாராவது அதை வாட்ஸ்அப்பில் போட்டாலும் ஒரு தாயைக் குத்தாது. வேறுபாடே தெரியவில்லை என்றால் அதையும் அதே அக்கறையோடு எழுதுங்கள். சராசரிக்குள் மறைந்திருப்பவர்களையும் தேடுங்கள். ஒரே தஸ்கா, கூச்சமான குழந்தையை ஒரு விதமாகவும் துறுதுறுப்பான குழந்தையை வேறு விதமாகவும் தொடலாம்.

கடைசியாக, திரும்பிப் போங்கள். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வரிசையாகத் தூளி கட்டி எங்கள் தலைமுறையைப் பார்த்துக்கொண்ட ஆயாக்களிடம், "இந்தப் பிள்ளைகளைப் பற்றி உனக்கு என்ன தெரியும்?" என்று யாரும் கேட்டதில்லை. இன்றைய ஆண்ட்டிகளிடமும் தாளை நிரப்பி வாங்கிப் போகிறவர்கள்தான் அதிகம். மலாயிலும் தமிழிலும் ஒரே பக்கத்தில் முடிவை எழுதி எடுத்துப் போங்கள். மதியம் ஒன்றரை மணி பொருத்தமான நேரம். குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள், அவர்களும் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். எந்த அறை, எந்த எண் என்று சுட்டாமல், கஞ்சி நேரத்துப் பேச்சைப் பற்றிச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் மறுப்பையும் எழுதிக்கொண்டு வந்து ஆய்வேட்டில் சேர்த்துவிடுங்கள்.